கோந்த்தூர் சொன்ன பொய்

1958-ம் வருடம், பொங்கல் கழிந்த சமயம். அப்போது நான் புதுச்சேரி டவுனில் ஒரு சினிமா தியேட்டரில் பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகாத பெண் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்கள் எல்லோரும் பொங்கலுக்குப் படம் பார்க்க வந்து, என்னிடமே நல்ல இடம் கேட்டு நின்றார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் கொஞ்சம் நீளம். அதனால் அந்தப் பேச்செல்லாம் என்னிடம் ரொம்ப நாள் நிற்கவில்லை.

எனக்கு அந்த வேலை கிடைத்ததே என் அண்ணனால்தான். அவர் அதே தியேட்டரில் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் போனால் தியேட்டருக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கிற டீசல் இன்ஜினை அண்ணன் போடுவார். அது டைனமோவைச் சுற்றும். அந்தக் கரண்டில் படம் தொடர்ந்து ஓடும். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது யாரோ ஒரு துரை விற்றுவிட்டுப் போன பழைய இன்ஜின் அது. அண்ணன் கைக்கு மட்டும்தான் அடங்கும்.

இன்ஜினுக்குப் பக்கத்தில் சுவரில் வட்டமாக ஒரு மீட்டர் இருந்தது. நிமிஷத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று அதன் முள் காட்டும். பிரெஞ்சில் அதற்கு என்ன பெயரோ, எங்கள் தியேட்டரில் எல்லோருக்கும் அது கோந்த்தூர்தான். ஆயிரத்துக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். முள் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். கூடினால் டைனமோவும் வேகமாகச் சுற்றும், படம் ஓட்டுகிற மோட்டாரும் அதே வேகத்துக்கு ஓடும். குறைந்தால் எல்லாம் மந்தமாகிவிடும்.

வம்பு ஆரம்பித்தது அடைமழையில். கரண்ட் அடிக்கடி போய், இன்ஜின் நிறைய ஓடிய நாட்கள் அவை. தரை டிக்கெட்காரர்கள் பாட்டு வரும்போது விசில் அடித்துக் கத்த ஆரம்பித்தார்கள். கதாநாயகி பாடினால் குருவி கத்துகிற மாதிரி இருக்கிறதாம். கதாநாயகன் நடந்தால் வயிற்றுப்போக்குக்காரன் ஓடுகிற மாதிரி இருக்கிறதாம். பெண்கள் பக்கத்திலும் ஒரு அம்மாள் என்னிடம் வந்து, காசு கொடுத்துப் பார்க்கிற படத்தை ஏன் இப்படி விரட்டுகிறீர்கள் என்று சண்டை போட்டார்.

முதலாளி காதுக்கும் விஷயம் போனது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் அதைக் கழுவித் துடைக்க முடியாத மனுஷன். இன்ஜின் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தார். முள் ஆயிரத்தில் அசையாமல் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி விசில். மறுபடி போய்ப் பார்த்தால் மறுபடி ஆயிரம். தான் வருகிறபோது அண்ணன் வேகத்தைக் குறைத்துவிடுகிறார், தலை மறைந்ததும் கூட்டிவிடுகிறார் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். ஏன் கூட்ட வேண்டும்? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. நாங்கள் இருவரும் தவளக்குப்பத்திலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்தோம். படம் பத்து நிமிஷம் முன்னால் முடிந்தால் கடலூர்ப் பக்கம் போகிற கடைசி பஸ்ஸை ஓடாமல் பிடிக்கலாம் அல்லவா!

இது காதில் விழுந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தப் பொங்கல் கழிந்த வாரம் படம் ஓட்டுகிற மோட்டார் சூடேறிப் புகைந்துபோனதும் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு நாள் காட்சி கிடையாது. மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றி மாட்டி, சனிக்கிழமை மேட்னியில் படத்தைப் போட்டார்கள். முதலாளியே வந்து கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். நல்ல பாட்டு ஒன்று போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் இன்ஜினைப் போட, அதே பாட்டு மீண்டும் தொடர்ந்தது.

நான் பெண்கள் பக்கக் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். படித்தது கன்னியாஸ்திரிகள் பள்ளியில். அங்கே பாட்டு சொல்லித் தந்த பிரெஞ்சு மாசேர் (கன்னியாஸ்திரிகளை அப்படித்தான் கூப்பிடுவோம்), சுருதி விலகினால் விரல் முட்டியிலேயே அடிப்பார். அந்த அடி வாங்கிய காது எனக்கு. அதனால் அன்றைக்குச் சந்தேகமே இல்லாமல் கேட்டது. கரண்டில் ஓடியபோது ஒரு சுருதியில் இருந்த பாட்டு, இன்ஜினில் ஓடியதும் முழுதாக ஒரு படி மேலே ஏறி நின்றது. கூட்டம் விசில் அடித்தது. முதலாளி எழுந்து கொட்டகைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். அண்ணன் எண்ணெய்க் கந்தலோடு ஒரு மூலையில் நின்றிருந்தார். வேகத்தைக் கூட்டுகிற கைப்பிடி அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. முள்ளோ ஆயிரத்தில்.

அந்தக் கைப்பிடியைப் பார்த்தாவது முதலாளிக்குப் புரிந்திருக்க வேண்டும். கோபம் வந்த கண்ணுக்கு எது தெரியும்? காட்சி முடிந்ததும் வேலைக்காரர்கள் எல்லோரையும் வாசலில் கூப்பிட்டு நிறுத்தினார். படம் ஓட்டுகிற ஆப்பரேட்டர், டிக்கெட் கிழிப்பவர், முறுக்கு விற்பவர் என்று ஒருத்தர் பாக்கி இல்லை. அண்ணனை முன்னால் வரச் சொன்னார்.

"இத்தினி நாளு உன்ன நம்புனேன்டா. பஸ்ஸுக்காக என் மோட்டார எரிச்சிட்ட. நாளைக்கு மேட்னிக்கு முன்னாடி இதே மாதிரி எல்லார் முன்னாலயும் நின்னு, நான்தான் பண்ணேன், தப்புன்னு சொல்லு. சொன்னா வேலையில இருக்கலாம். இல்லன்னா வேற ஆள் வர்றான்."

அண்ணன் சரி என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அன்று பஸ்ஸில் வீடு போய்ச் சேரும் வரை நான் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். சுற்றி இருந்தவர்கள் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்திருப்பார்கள். அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். அண்ணி மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தார். சொல்லிவிட்டு வந்தால் என்ன, நாலு வார்த்தைதானே என்றார் அண்ணன். அம்மாவும் அதையே சொன்னார். நான் விடவில்லை. "நாலு வார்த்தைதான். ஆனா அந்த நாலு வார்த்தய இந்த ஊரு நாப்பது வருசம் சொல்லும். உன் புள்ளைங்க கல்யாணத்துலயும் சொல்லும்" என்றேன்.

அப்புறம்தான் அண்ணன் மெதுவாக ஒன்றைச் சொன்னார். மழைக் காலத்திலிருந்தே இன்ஜின் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிற மாதிரி அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு நாள் காதை நம்பிக் கைப்பிடியைக் குறைத்திருக்கிறார். முள் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்து, ஆயிரத்துக்குக் கீழே ஏன் ஓட்டுகிறாய், முள்ளைப் பார்த்து ஓட்டு என்று கத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அண்ணன் முள்ளை மட்டுமே பார்த்து ஓட்டினார்.

"அப்ப முள்ளுதான் பொய் சொல்லுது" என்றேன்.

"கோந்த்தூர் எதுக்குப் பாப்பா பொய் சொல்லப் போவுது?" என்றார் அண்ணன். முதலாளியை விட அந்த மீட்டரிடம் அவருக்குப் பயபக்தி அதிகம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவரை இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். ஆப்பரேட்டர் கதவைத் திறந்துவிட்டுத் தானும் கூட வந்தார். கெட்டுப்போனது அவர் மோட்டார் அல்லவா, அவருக்கும் உண்மை தெரிய வேண்டியிருந்தது. படச்சுருள் ஒன்று கரண்டில் ஓடினால் இருபத்திரண்டு நிமிஷம், இன்ஜினில் ஓடினால் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது, கடிகாரத்தில் பார்த்தேன் என்றார். இதை ஏன் முன்னாடியே முதலாளியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லையே என்றார். நல்ல மனுஷர்தான், வாய்தான் கிடையாது.

ஆக, படம் ஓட்டுகிற மெஷினில் கோளாறு இல்லை. இன்ஜின்தான் வேகமாக ஓடுகிறது. முள் மட்டும் இல்லை என்கிறது. அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இன்ஜின் நின்றிருக்கும்போது முள் பூஜ்யத்தில் இருக்கிறதா? இருந்தது. எங்கேயாவது சிக்குகிறதா? இல்லை. கண்ணாடியைக் கழற்றி விரலால் தொட்டுப் பார்த்தார், முள் பஞ்சு போலப் போய்த் திரும்பியது. இன்ஜின் அச்சின் நுனியில் ஒரு சின்னப் புல்லி, மீட்டரின் கீழே ஒரு சின்னப் புல்லி, இரண்டையும் ஒரு தோல் பெல்ட் இணைத்தது. பெல்ட் தளர்ந்து வழுக்கினால் முள் குறைவாகக் காட்டும் என்றார். இழுத்துப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. அதோடு அவருக்குத் தெரிந்த வழிகள் தீர்ந்துவிட்டன. கந்தலைக் கீழே போட்டுவிட்டு, சொல்லிட்டுப் போயிடலாம் பாப்பா என்று மறுபடி ஆரம்பித்தார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு புல்லியும் ஒரே அளவுதானே என்று கேட்டேன். ஒரே அளவுதான், இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் மீட்டரும் ஒரு சுற்று, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறான் என்றார். ஆனால் என் கண்ணுக்கு மீட்டர்ப் புல்லி கொஞ்சம் கொழுத்துத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். பெல்ட்டுக்கு அடியில் எண்ணெயும் கரியும் ஊறிக் கறுத்துப்போன துணி.

"அது பூஜத் துணி. அதுல கை வைக்காத" என்றார் அண்ணன் சட்டென்று.

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜை அன்று எங்கள் தியேட்டரில் இன்ஜினை எண்ணெய் போகத் துடைத்து, பெல்ட்டைக் கழற்றி மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்போம். அன்று ஒரு நாள் மட்டும் அண்ணன் ஒதுங்கி நிற்பார், முதலாளிதான் தன் கையால் இன்ஜினைப் போட வேண்டும். அடைமழைக்கு முன்னால் வந்த அந்தப் பூஜையில் அவர் போட்டபோது முள் தடதடவென்று ஆடியது. கழற்றி மாட்டிய பெல்ட் வழுக்கியிருக்கிறது. நல்ல நேரத்தில் முள் ஆடுவதா என்று முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. இன்ஜினை நிறுத்தி, சாமி படத்துக்குச் சாத்திய புதுப் பட்டுத் துணியில் ஒரு நீளம் கிழித்து, மீட்டர்ப் புல்லியில் அவரே இறுக்கச் சுற்றி முடிந்தார். பெல்ட்டுக்குப் பிடிமானம் கிடைத்து முள் ஆடாமல் நின்றது. எல்லோரும் கையைத் தட்டினோம். பூஜையில் கட்டியதை அடுத்த பூஜை வரை அவிழ்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் தினம் அந்தக் கொட்டகைக்குள் போய்வந்த ஒருவர் கண்ணுக்கும் அது துணியாகவே தெரியவில்லை. சாமியாகத்தான் தெரிந்தது.

நான் துணியைத் தொடவில்லை. டிக்கெட் பலகையில் எழுதுகிற சாக்பீஸ் எடுத்து வந்து, இரண்டு புல்லியிலும் நேர் மேலே ஒரு கோடு போட்டேன். இன்ஜினின் பெரிய சக்கரத்தைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னேன். அண்ணனும் ஆப்பரேட்டரும் பிடித்துத் தள்ளினார்கள். இன்ஜின் புல்லியின் கோடு சரியாக மேலே வந்து நின்றது. மீட்டர்ப் புல்லியின் கோடு ஒரு விரல் அகலம் வராமல் பின்னாலேயே நின்றுவிட்டது. இன்னும் சில சுற்றுச் சுற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விரல் பின்தங்கி, கடைசியில் அந்தக் கோடு அடிப்பக்கமே போய்விட்டது.

துணி சுற்றியதில் புல்லி பருத்துவிட்டது. பருத்த புல்லி மெதுவாகச் சுற்றியது. மெதுவாகச் சுற்றிய மீட்டர் குறைவாகக் காட்டியது. அதை ஆயிரத்துக்குக் கொண்டுவர அண்ணன் இன்ஜினை விரட்டியிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். இதற்காகவா என் அண்ணன் ஊர் முன்னால் நின்று தலை குனிய வேண்டும்? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மேட்னிக்கு முன்னால் முதலாளி வந்தார். எல்லோரும் வாசலில் கூடினார்கள். அண்ணன் வாயைத் திறப்பதற்குள், எல்லோரும் கொட்டகைக்கு வாருங்கள், அங்கே சொல்கிறோம் என்று நான் முன்னால் நடந்தேன். சாக்பீஸ் கோட்டைக் காட்டி, சக்கரத்தைச் சுற்றிக் காட்டினோம். முதலாளிக்கு அந்தத் துணியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் கண் அதிலேயே இருந்தது. ஆனால் அது சாமித் துணி, அதனால் ஒரு கெடுதலும் வராது என்றார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பெல்ட்டைத் தள்ளிவிட்டு, முடிச்சை அவிழ்த்து, துணியை உருவி எடுத்தேன். யாரோ ஐயோ என்றார்கள். துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அங்கே மாட்டியிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தேன். அண்ணன் பெல்ட்டை மாட்டி இறுக்கினார். சக்கரத்தைச் சுற்றினார்கள். இரண்டு கோடும் ஒன்றாகப் போய் ஒன்றாக மேலே வந்தன. கைப்பிடியைத் தொடாமல், நேற்று இருந்த இடத்திலேயே வைத்து இன்ஜினைப் போடச் சொன்னேன். முள் ஏறியது. ஆயிரத்தைத் தாண்டிச் சிவப்புக் கோட்டுக்கு மேலே போய் நின்றது. அண்ணன் கைப்பிடியைக் குறைத்து அதைக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். இன்ஜின் சத்தம் தணிந்தது எல்லோருக்கும் கேட்டது.

முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சரி சரி, நேரமாயிடுச்சி, போய் வேலயப் பாருங்க என்று திரும்பினார்.

நான் நகரவில்லை. பெண்கள் பக்க டிக்கெட் அறையின் சாவி என் இடுப்பில் இருந்தது. வாசலில் பெண்கள் கூட்டம் கூடிவிட்டது இங்கேயே கேட்டது. "நேத்து எல்லார் முன்னாலயும் சொன்னீங்க முதலாளி. இன்னிக்கும் எல்லார் முன்னாலயும் சொல்லணும். சொல்ற வரைக்கும் நான் கவுண்டர் தெறக்க மாட்டேன்" என்றேன்.

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படி யாரும் அவரிடம் பேசியிருக்க மாட்டார்கள், அதுவும் ஒரு பெண். வெளியே கதவைத் தட்டுகிற சத்தம் பெருகிக்கொண்டே போனது.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவன் மேல தப்பு இல்ல. துணியக் கட்டினது நான்."

முதல் பாதி மட்டும் சொன்னாலே போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டாவதையும் அவராகவே சொன்னார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஆனால் அன்று காட்சி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, பூஜைத் துணியில் கை வைத்தவள் இனி இங்கே வேண்டாம், நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டார். சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அண்ணன் கேட்டுவிட்டு, தானும் நின்றுவிடுவதாகக் கிளம்பினார். வாழ்நாளில் அவர் குரலை உயர்த்தியது அன்று ஒரு நாள்தான். நான்தான் தடுத்தேன். உன்னைத் தப்புப் பண்ணவன் என்று சொன்ன இடத்திலேயே இப்போது நல்லவன் என்று சொல்லியிருக்கிறார்கள், அங்கேயே நிமிர்ந்து நின்று வேலை செய், அதுதான் எனக்கு வேண்டும் என்றேன். பிள்ளைகளையும் அண்ணியையும் நினைத்து ஒத்துக்கொண்டார். அந்த இன்ஜின் இருந்த வரைக்கும் அங்கேயே இருந்தார்.

எனக்கு வேறு வேலை கிடைக்க ரொம்ப நாளாயிற்று. வீட்டில் சும்மா இருந்த அந்த மாதங்களில் சொந்தக்காரர்கள் வந்து, வாய்க்கொழுப்பால் வேலையைத் தொலைத்தவள் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அப்புறம் நெல்லித்தோப்பில் ஒரு தையல் கடையில் சேர்ந்தேன், கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். இத்தனை வருடத்தில் எத்தனையோ விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டோமே என்று வருந்தியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு தடவை கூட வருந்தியதில்லை. செய்யாத தப்பைச் செய்ததாகச் சொல்லி அண்ணன் அந்த வேலையைக் காப்பாற்றியிருந்தால், வேலை அவரிடம் இருந்திருக்கும், நிமிர்ந்து நிற்கிற அண்ணன்தான் எங்களிடம் இருந்திருக்க மாட்டார்.